ஆள் பார்க்கப் போகிற தம்பிக்கு

தம்பி, சென்னையில் ஒரு கால்பந்துக் கழகம் உன்னை ஸ்கவுட்டாக எடுத்துக்கொண்டதாக உன் அம்மா சொன்னாள். காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களை உன் தலையில் கட்டியிருக்கிறார்களாம். பதின்மூன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து யாரை எடுக்கலாம் என்று சொல்வது உன் வேலை. அவர்கள் தருகிற பணம் பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். அது கிடக்கட்டும். பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்து, நாடா பிடிக்க வேண்டிய வயதில் மைதானத்துக்கு ஓடிப்போனவன் நான். கொஞ்ச காலம் ஆடினேன். அதைவிட அதிக காலம் ஆள் பார்த்தேன். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எண் போட்டிருப்பது உனக்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். ஒன்பதாவதை மட்டும் இரண்டு முறை படி.

1. கழகத்துக்கு யார் வேண்டும் என்று முதலில் கேள். "நல்ல பையன் இருந்தா சொல்லுப்பா" என்று சொல்லி உன்னை அனுப்பப் பார்ப்பார்கள். விடாதே. எந்த இடத்துக்கு, எந்தக் காலுக்கு, எந்த வயதுப் பிரிவுக்கு, எப்படிப்பட்ட ஆட்டத்துக்கு என்று நோண்டிக் கேள். ஒழுங்காக நடக்கிற கழகத்தில் தலைமைக் கோச் தன் ஆட்டம் இன்னதென்று சொல்லியிருப்பார். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் ஒவ்வோர் இடத்துக்கும் நாலைந்து பெயர்களை எழுதி வைத்திருப்பார். வட்டாரத்துக்கு ஒருவராக உன்னைப் போன்றவர்கள் மைதானம் மைதானமாகப் போவார்கள். நீ பார்த்துச் சொன்னவனை இன்னொருவர் வந்து மறுபடி பார்ப்பார், வீடியோ ஆள் தனியாகச் சரிபார்ப்பார். அதற்குப் பிறகுதான் பெற்றோரிடம் பேச்சு.

சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் வென்றபோது நீ பள்ளிக்கூடப் பையன். 2018-19 சீசன். கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். தரையோடு பாஸ் கொடுத்துக் கட்டுகிற ஆட்டம் அவருடையது. அதற்குப் பொருந்துகிறவர்களை ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் தேடிக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அவர்கள் பெயரை யாரும் கேட்டதில்லை. அவர்களில் ஒருவரான பெத்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்துப் பட்டத்தை எடுத்தார்கள். பெயருக்கு ஆள் எடுக்காமல் ஆட்டத்துக்கு ஆள் எடுத்ததால் வந்த பலன் அது. சில வருடத்திலேயே அந்த அணி ஐ-லீக்கில் இல்லாமல் போனது. ஆள் எடுப்பு நன்றாக இருந்துவிட்டால் மட்டும் கழகம் பிழைத்துவிடாது என்பதையும் மனதில் வை.

2. பந்தைப் பார்க்காதே, பையனைப் பார். பட்டு வாங்கத் தெரிந்தவர் முந்தானையை விரித்து ரசித்துவிட்டு, அடுத்த நொடி புடவையின் பின்பக்கத்தைப் புரட்டுவார். கரையையும் உடலையும் இணைக்கிற கோர்வை எப்படி விழுந்திருக்கிறது, நூல் எங்கே தொங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முழு ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது சில நிமிடம்தான். மிச்ச நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான்? பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறானா? பந்தை இழந்ததும் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, முதல் மூன்று அடியை உடனே எடுத்து வைக்கிறானா? கூட்டாளி தப்பு செய்தால் கையை விரித்து ஊருக்குக் காட்டுகிறானா? இதையெல்லாம் கோச் பிற்பாடு கற்றுக்கொடுக்கலாம் என்பார்கள். முதல் இரண்டையும் கற்றுக்கொடுக்கலாம். மூன்றாவது கஷ்டம்.

இப்போது தெருவுக்குத் தெரு டர்ஃப் வந்துவிட்டது. ஐந்து பேர் ஆட்டத்தில் வித்தை காட்டுகிற பையனைப் பார்த்து மயங்காதே. பெரிய மைதானத்தில், பதினொரு பேரோடு, மழை பெய்து சேறான நாளில் அவனை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து பேசு.

3. ஒரு நாளில் யாரையும் எடுக்காதே, ஒரு நாளில் யாரையும் கழிக்காதே. முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினால் முந்நூறு பிள்ளைகள்கூட வந்து நிற்பார்கள். ஆளுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். வாய் உள்ள பையன் அதற்குள் நாலு பந்தைக் கேட்டு வாங்கிவிடுவான். கூச்சக்காரன் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவான். செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் பத்து நிமிடத்தில் கால் தளர்ந்து உட்கார்ந்துவிட்டான். "ஸ்டாமினா இல்லை" என்று பக்கத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார். கூப்பிட்டு விசாரித்தால், விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பியவன் முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து முகாம் என்றால் கூம்பும் பந்தும் வாங்குவதற்கு முன் வாழைப்பழத் தாரை வாங்கி வைப்பேன். நீயும் வாங்கு. கழகம் காசு கொடுக்கவில்லை என்றாலும் வாங்கு.

இன்னொன்று. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று காஞ்சிபுரத்தில் முகாம் வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிடாதே. சென்னைக்காரர்களுக்கு இது தெரியாது. ஊரே தெருவில் நிற்கும். நீயும் உன் கூம்புகளும்தான் மைதானத்தில் இருப்பீர்கள்.

4. இன்று எங்கே ஆடுகிறானோ அதுதான் அவன் இடம் என்று நினைத்துக்கொள்ளாதே. பீட்டர் தங்கராஜ் 1953இல் ராணுவத்தில் சேர்ந்து வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆட வந்தபோது சென்டர் ஃபார்வேர்ட். பிறகு அவரைக் கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார்கள். 1955, 1958 என்று அந்த அணி இரண்டு முறை டூரண்ட் கோப்பையை எடுத்தது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அந்த உயரத்தையும் கையையும் பார்த்து "இவனை மாற்றிப் பார்க்கலாம்" என்று நினைக்க ஒருவருக்குத் தோன்றியதே, அந்தக் கண்தான் உனக்கு வேண்டும். ஃபார்வேர்டாக ஆடத் துடிக்காத பையன் நம் பள்ளிக்கூடங்களில் கிடையாது. அவர்களுக்குள் ஒரு நல்ல பேக் ஒளிந்திருப்பான்.

5. வயது விஷயத்தில் கண்டிப்பாக இரு. பதின்மூன்று வயது ஆட்டத்தில் ஒரு தலை உயரம் கூடுதலாக இருப்பவன் எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டு கோல் போடுவான். எல்லோரும் வளர்ந்து முடித்த பிறகு அவனிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசி. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். அந்த வயதில் பதினோரு மாதம் பெரிய வித்தியாசம். ஐரோப்பாவின் இளையோர் அணிகளிலும் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் பல முறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே குட்டையாக இருந்தும் பந்தை விடாமல் ஆடுகிறவனை இன்னொரு முறை பார். பிரெஞ்சு ஆட்டக்காரர் கிரீஸ்மானை ஆள் சிறியவன் என்று பிரான்சில் கழகம் கழகமாகத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்பெயினின் ரியல் சொசியடாட் எடுத்துக்கொண்டது. 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் பிரான்சுக்காக கோல் போட்டார்.

இரண்டு வருடம் குறைத்த சர்டிஃபிகேட்டோடு ஓர் அப்பா வந்து நிற்பார். "நீங்க மனசு வச்சா போதும் சார்" என்பார். திட்டாதே. இளையோர் லீக்குகளுக்கு மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள், மாட்டிக்கொண்டால் பையன் பெயர்தான் கெடும் என்று பொறுமையாகச் சொல். அவர் இடத்தைப் பிடிக்க வந்தவர். பறிகொடுப்பது சரியான வயதில் வந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் அப்பா உன் எதிரில் வந்து நிற்க மாட்டார்.

6. பி.டி. வாத்தியாருக்கு வணக்கம் சொல்லாமல் எந்தப் பள்ளி மைதானத்திலும் கால் வைக்காதே. வருடம் முழுக்க வெயிலில் நின்றவர் அவர். பையன் போன வருடம் எப்படி ஆடினான், தோற்றால் எப்படி இருப்பான், வீட்டில் என்ன நிலைமை, எல்லாம் அவருக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்கு அதைவிட அதிகம் தெரியும். ரிப்போர்ட்டில் வாத்தியார் பெயரை எழுது. பையன் பேப்பரில் வருகிற நாளில் அவரை யாரும் நினைக்கப் போவதில்லை. நீயாவது எழுதி வை.

சின்னக் கழகங்களிடம் ஒன்று சொல். பையனை முறையாகப் பதிவு செய்து, எந்த வயதிலிருந்து எந்த வயது வரை தங்களிடம் ஆடினான் என்ற தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல். ஃபிஃபா விதிப்படி ஓர் ஆட்டக்காரன் ஒப்பந்தம் முடிவதற்குள் வெளிநாட்டுக் கழகத்துக்கு விலைபோனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரிந்து போக வேண்டும். தாள் இல்லாதவனுக்குப் பங்கு இல்லை.

7. பையனை எடுக்கும் முன் அவன் வீட்டுக்குப் போ. திண்ணையில் உட்கார், கொடுக்கிற தண்ணீரைக் குடி. நம் ஊர்க் கோர்வைத் தறியில் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அது வீட்டுப் பிள்ளையின் கைதான். மைதானத்துக்குப் போகிற ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வீட்டுக் கூலியில் ஒரு துண்டு குறையும். என் அப்பா கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. இன்று தறி குறைந்துவிட்டது. பதினெட்டு வயதானதும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிப் பேருந்து தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம். "கால்பந்து என்ன தரும்?" என்று அந்த அம்மா கேட்பார். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஸ்கவுட் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

உண்மையைச் சொல். நூறு பேர் ஆடினால் ஆட்டத்திலேயே பிழைக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர்கூடத் தேறுவது சந்தேகம். தமிழ்நாட்டில் பந்து உதைத்தவர்களுக்கு நெடுங்காலமாகச் சோறு போட்டது ஐ.சி.எஃப்., ரயில்வே, இந்தியன் வங்கி, போலீஸ் வேலைகள்தான். அதைத் தாழ்வாக நினைக்காதே. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரும்கூட. அரசாங்க விளையாட்டு விடுதி எங்கே இருக்கிறது, சேர்க்கைத் தேர்வு எப்போது, படிப்பு என்ன ஆகும் என்பதை நீ விரல் நுனியில் வைத்திரு. உன் கழகத்துக்குச் சரிப்படாத பையனுக்கு அந்த விடுதி சரிப்படலாம். அங்கே அனுப்பிவைப்பதும் உன் வேலைதான், சம்பளத்தில் சேராத வேலை.

8. பெண் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்காமல் திரும்பாதே. தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றது. மதுரை சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை எடுத்தது. ஆனாலும் மகளிர் ஆட்டத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். வீட்டுக்குப் பேசப் போகும்போது உன்னோடு ஒரு பெண் கோச்சை அழைத்துக்கொண்டு போ. பேச்சை அம்மாவிடம் தொடங்கு.

9. வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள். இதுதான் உன் வேலையில் முக்கால்வாசி. முந்நூறு பேரில் நீ எடுப்பது மூன்று பேரை; மிச்சப் பேரிடம் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்று ஊர் பார்க்கும். நான் வேலை பார்த்த ஒரு கழகத்தில் "கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். கூப்பிடவே மாட்டார்கள். பையன்கள் சோர்ந்துபோய்த் தாமாகவே புரிந்துகொள்வார்கள் என்று கணக்கு. நானும் அந்த வார்த்தையைப் பல பேரிடம் சொன்னேன். ஓர் இடதுகால் பையன், ஓரிக்கை பக்கம் வீடு. பக்கத்து வீட்டுப் போன் நம்பரைக் கொடுத்திருந்தான். அந்த வருடம் விடுதித் தேர்வுக்கு அவன் போகவில்லை. கழகத்தில் இருந்து போன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். பிற்பாடு அவன் மாமா ஒருநாள் கடைத்தெருவில் என்னை நிறுத்தி இதைச் சொன்னார். சண்டை போடவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே உனக்கு நான் ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன். ஒரு வாரத்துக்குள் பதில் சொல். முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில். வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளாதே. காரணத்தைச் சொல், ஆனால் ஒரே காரணம் போதும். "உன் வலது கால் இன்னும் பழகவில்லை, ஒரு வருடம் அதில் வேலை செய்" என்று சொன்னால் அவன் கையில் எடுத்துப் போக ஏதோ இருக்கிறது. "உனக்கு ஆட்டம் வராது" என்று மட்டும் சொல்லாதே. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லும் அளவுக்கு யாருக்கும் அறிவு கிடையாது. ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகம் விட்டுவிட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன லீக்கில் ஆடி வந்தவர், 2016இல் லெஸ்டர் சிட்டியோடு இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றார். அவரை வேண்டாம் என்றவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து முடிவு எடுத்தார்கள். நீயும் அப்படித்தான் எடுப்பாய், அதனால்தான் உன் வாய் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும்.

10. கவரை வாங்காதே. தீபாவளிக்கு வருகிற பட்டுப் பெட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "ஐரோப்பாவில் ட்ரையல்ஸ், இத்தனை லட்சம் கட்டினால் போதும்" என்று யாராவது பெற்றோரிடம் பேசுகிறான் என்று காதில் விழுந்தால் உடனே போய்த் தடு. 18 வயது ஆகாத பிள்ளையை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிப்பதில்லை. ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்கிறவனிடம் லைசென்ஸைக் கேள். 2023இலிருந்து அதற்குத் தேர்வு எழுதித் தேற வேண்டும். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே காணாமல் போவார்கள்.

11. வீடியோவைப் பார், எண்ணைப் பார், பிறகு பஸ் ஏறு. இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் கழகம் கணக்கை நம்பி ஆள் எடுத்தே 2021இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஆனால் நம் மாவட்டப் பள்ளி ஆட்டங்களை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் பந்தின் பின்னாலேயே கேமரா ஓடும். நேரில் போகிறவனுக்கு எதிர்பாராததும் கிடைக்கும். லெஸ்டரின் ஸ்கவுட் பிரான்சில் வேறொருவரைப் பார்க்கப் போய்த்தான் ரியாத் மாரெஸ் என்ற ஆட்டக்காரரைக் கண்டார் என்று சொல்வார்கள். ஆகவே யாரைப் பார்க்க வந்தாயோ அவனை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதே. எதிரணியில் எட்டாம் நம்பர் பையன் என்ன செய்தான் என்பதையும் குறித்துக்கொள்.

12. ரிப்போர்ட்டை அன்று இரவே எழுது. தேதி, மைதானம், எதிரணி, மழையா வெயிலா, எத்தனை நிமிடம் பார்த்தாய். கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், நீயாக நினைப்பது மறுபக்கம், இரண்டையும் கலக்காதே. மறுநாள் பெரியவர் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னார் என்பதற்காக எழுதியதைத் திருத்தாதே. தப்பாக இருந்தாலும் உன் தப்பாக இருக்கட்டும்.

13. எல்லோரும் போகிற இடத்துக்கு நீயும் போய் நிற்காதே. கன்னியாகுமரிக் கடற்கரைக்கு ஸ்கவுட்டுகள் போகிறார்கள். மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தார். வியாசர்பாடிக்குப் போகிறார்கள், தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தார். அங்கெல்லாம் பார்க்க ஆள் இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தர்ராஜ் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நம் காஞ்சிபுரத்தின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. இங்கே பிள்ளைகளுக்குக் கால் இல்லாமல் இல்லை; வந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வாலாஜாபாத், உத்திரமேரூர் பள்ளி மைதானங்களில் சாயங்காலம் நாலரைக்கு மேல் ஆட்டம் நடக்கும். வருகிற திங்கட்கிழமை அங்கேயே தொடங்கு. முதல் ரிப்போர்ட்டில் ஒரு நகலை எனக்கு அனுப்பு. கண் மங்கிவிட்டது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது.